புதிய கோல்ஃப் ஜிடிஐ: முன் அச்சில் நடந்த மாற்றமும் நம் எல்லைச் சாலைகளும்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போய்வருகிறார், விடுமுறை கிடைத்தால் ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுகிறார். 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்த அதே நிறுவனத்தின் கோல்ஃப் ஜிடிஐ, அதாவது எட்டாம் தலைமுறையின் திருத்தப்பட்ட வடிவம், உண்மையிலேயே புதிய வண்டியா அல்லது முகப்பூச்சு மட்டுமா என்பது அவருடைய முதல் கேள்வி. அந்த 265 பிஎஸ் (குதிரைத்திறன்) திறன் நம் பக்கச் சாலைகளில் எதற்குப் பயன்படும் என்பது இரண்டாவது. நான் பொள்ளாச்சியில் சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் வேலை செய்கிறவன் என்பதால், இரண்டுக்கும் வண்டியின் அடிப்பக்கத்திலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தோற்றத்தை முடித்துவிடலாம், ஏனெனில் அதில் சொல்ல அதிகமில்லை. முன்விளக்குகள் மெலிந்திருக்கின்றன; நிறுவனச் சின்னம் இரவில் ஒளிர்கிறது; முன் பக்கவாட்டில் இருந்த ஜிடிஐ எழுத்து கதவுக்கு நகர்ந்திருக்கிறது; கிரில்லின் சிவப்புக் கோடு 1976 முதல் வந்ததுபோலவே இருக்கிறது. 4,289 மி.மீ. நீளமும் 2,627 மி.மீ. வீல்பேஸும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட உடல், 2019இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையின் அதே எம்கியூபி ஈவோ அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஆகவே தலைமுறை என்ற சொல்லைக் கண்டிப்பாகப் பயன்படுத்தினால் இது புதுத் தலைமுறை அன்று. ஆனால் நண்பரே, உங்களிடம் இருப்பது போலோ. அங்கிருந்து பார்க்கும்போது அடித்தளம், பின் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) என எதுவுமே பழைய வகையில் இல்லை. உங்கள் கணக்குக்கு இது புது வண்டிதான்.

வடிவமைப்பில் உருப்படியாக நடந்தது, உள்ளே செய்த ஒரு திருத்தம். 2020இல் வந்த எட்டாம் தலைமுறை ஜிடிஐயில் ஸ்டீயரிங் மீதிருந்த பொத்தான்களை எல்லாம் தொடுபரப்பாக மாற்றியிருந்தார்கள். வளைவில் ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது உள்ளங்கை பட்டு ஏதாவது ஒன்று இயங்கிவிடும். ஏசி குளிரையும் பாட்டின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் தொடுகோட்டுக்கு விளக்கு இல்லாததால் இரவில் அதைத் தடவித்தான் தேட வேண்டியிருந்தது. இப்போது ஸ்டீயரிங்கில் அழுத்தும் பொத்தான்கள் திரும்பியிருக்கின்றன, தொடுகோட்டுக்கு விளக்கும் வந்திருக்கிறது. 12.9 அங்குலத் திரையைப் பற்றி விற்பனைக்காரர் நீண்ட நேரம் பேசுவார். கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிறவருக்குப் பொத்தான்கள் திரும்பியதே பெரிய செய்தி. கட்டம் போட்ட இருக்கைத் துணி இன்னும் தொடர்கிறது. முதல் ஜிடிஐக்கு அந்தத் துணியையும் கோல்ஃப் பந்து வடிவக் கியர் தலையையும் தந்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர். இந்தத் திருத்தத்தோடு கையியக்கக் கியர் நின்றுபோய்விட்டதால் அந்தப் பந்துக்கும் இனி வேலை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 265 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.9 வினாடி என்ற மூன்று எண்களும் எல்லா விளம்பரத்திலும் உள்ளன. இவற்றுள் கடைசி எண்ணைச் சற்று உடைத்துப் பார்த்தால், முன்சக்கர இயக்க ஹாட் ஹேட்ச் (பின்கதவுள்ள சிறுகாரின் வேகமான வடிவம்) ஒன்றின் முழுக் கதையும் அதில் தெரியும். 5.9 வினாடியில் நூறு என்றால் சராசரி முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பாதி. இப்படிப்பட்ட வண்டியில் நிற்கும்போது எடையின் அறுபது விழுக்காட்டுக்குச் சற்று மேல் முன் அச்சின் மீது இருக்கும். முடுக்கும்போது எடை பின்னுக்குச் சாய்வதால் முன்சக்கரங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ பாதியாகச் சுருங்குகிறது. நல்ல தார்ச்சாலையும் நல்ல டயரும் சேர்ந்து, தன் மீதுள்ள எடைக்குச் சமமான பிடிப்பைத் தருவதாக வைத்துக்கொண்டாலும், முன்சக்கரங்களால் வண்டியை இழுக்கக்கூடிய உச்ச முடுக்கமும் அந்தப் பாதியை ஒட்டியே வருகிறது. அதாவது முதல் கியரில் இந்த வண்டி டயர் பிடிப்பின் எல்லையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் எஞ்சின் தரும் திறனில் பெரும்பகுதி டயர் புகையாகத்தான் போகும்.

இதைச் சரிபார்க்க மற்ற வண்டிகளின் அறிவிக்கப்பட்ட எண்களையே எடுத்துக்கொள்ளலாம். திருத்தத்துக்கு முந்தைய எட்டாம் தலைமுறை ஜிடிஐக்கு 245 பிஎஸ். நூறைத் தொட ஆறே கால் வினாடி அளவில் எடுத்தது. இதே கோல்ஃபின் கிளப்ஸ்போர்ட் வடிவத்துக்கு 300 பிஎஸ், 5.6 வினாடி. ஹோண்டாவின் 2022இல் வந்த சிவிக் டைப் ஆர் ஐரோப்பாவில் 329 பிஎஸ், 5.4 வினாடி. நான்கு சக்கரமும் இழுக்கும் கோல்ஃப் ஆர் 333 பிஎஸ், 4.6 வினாடி. ஜிடிஐயைவிட 64 பிஎஸ் கூடுதலாக வைத்திருக்கும் டைப் ஆர் அரை வினாடியைத்தான் மிச்சப்படுத்துகிறது. அதைவிட வெறும் 4 பிஎஸ் அதிகமுள்ள கோல்ஃப் ஆர், பின்சக்கரங்களையும் வேலைக்கு இழுத்துக்கொண்டதால் மேலும் 0.8 வினாடியைப் பறித்துவிடுகிறது. டைப் ஆரில் கியரைக் கையால் மாற்ற வேண்டியிருப்பதும் இதில் கொஞ்சம் சேரும் என்றாலும், படம் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே முன்சக்கர இயக்க வண்டி ஒன்றின் அடுத்த தலைமுறை எவ்வளவு தேறியது என்பதைக் குதிரைத்திறனை வைத்து அளக்கக் கூடாது. முன் அச்சை எவ்வளவு புத்திசாலித்தனமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

அந்தக் கட்டமைப்பை என் பட்டறை லிஃப்டில் ஒரு வாடிக்கையாளரின் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எஞ்சினையும், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம்களையும் தாங்கும் முன் சப்ஃபிரேம் அலுமினியத்தால் ஆனது. முந்தைய இரும்புச் சட்டத்தைவிட 3 கிலோ குறைவு என்று நிறுவனம் சொல்கிறது. எடையைவிட அதன் விறைப்புதான் முக்கியம், ஏனெனில் லோயர் ஆர்மின் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை) எந்த அளவுக்கு நகர்கிறதோ அந்த அளவுக்கு டயரின் கோணமும் ஓட்டத்தில் மாறும். கியர்பாக்ஸின் வலப்பக்கம், வலது டிரைவ் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில், ஒரு தடித்த உருளை தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. உங்கள் போலோவின் அடியில் அந்த இடத்தில் ஷாஃப்டைத் தவிர வேறொன்றையும் காண மாட்டீர்கள். அந்த உருளைக்குள் இருக்கும் பல தட்டுகள் கொண்ட கிளச்சுதான் இந்த வண்டியின் உயிர்.

அது என்ன செய்கிறது என்பதை வால்பாறைச் சாலையை வைத்தே சொல்கிறேன். ஆழியாற்றிலிருந்து மேலேறும் நாற்பது கொண்டை ஊசிகளில், இரண்டாம் கியரில் ஒன்றைச் சுற்றி முடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் உள்பக்க முன்சக்கரத்தின் மீது எடை குறைவு. மேட்டுச் சாலை என்பதால் முன் அச்சே சற்று இலேசாகியிருக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம அளவு திருப்புவிசையைத்தான் அனுப்பும். உள்சக்கரம் வழுக்கத் தொடங்கினால், வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தாலும் அதற்கும் அந்தக் குறைந்த அளவே கிடைக்கும். அப்போது சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்ஷன் கட்டுப்பாடு குறுக்கிட்டு எஞ்சினை அடக்கிவிடும். உங்கள் போலோவில் இந்த இடத்தில் வண்டி ஒரு நொடி பெருமூச்சு விட்டு யோசிப்பதை நீங்கள் நிச்சயமாக உணர்ந்திருப்பீர்கள். இடைப்பட்ட தீர்வாக, உள்சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடிக்கும் எக்ஸ்டிஎஸ் முறை வந்தது. அது வேலை செய்யும், ஆனால் திறனைப் பிரேக் பேடில் சூடாக்கிக் கரைத்துத்தான் வேலை செய்யும்.

புதிய ஜிடிஐயில் உள்ள விஏகியூ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியல் அந்தத் திறனை வீணாக்குவதில்லை. மின்மோட்டாரால் இயங்கும் சிறு பம்பு எண்ணெய் அழுத்தத்தை உருவாக்கி, அந்தப் பல தட்டுக் கிளச்சை இறுக்குகிறது. இறுகும்போது வலது ஷாஃப்டும் டிஃபரன்ஷியலின் உறையும் ஒன்றோடொன்று பிணைந்து, உள்சக்கரத்துக்குப் போக வேண்டிய திருப்புவிசையின் ஒரு பகுதி வெளிச்சக்கரத்துக்கு மாறுகிறது. வெளிச்சக்கரம் கூடுதலாக இழுக்கும்போது வண்டியின் மூக்கு வளைவின் உள்பக்கமாகத் திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை மேலும் திருப்ப வேண்டியதில்லை. இந்தப் பொறி 2013இல் ஏழாம் தலைமுறையின் பெர்ஃபார்மன்ஸ் பேக்கில் விலைகொடுத்து வாங்கும் கூடுதல் வசதியாக வந்தது. எட்டாம் தலைமுறையில் எல்லா ஜிடிஐக்கும் உரியதாயிற்று. கூடவே, இந்தக் கிளச்சையும் எக்ஸ்டிஎஸ் பிரேக்கையும் தனித்தனியாக இயங்க விடாமல் ஒரே கட்டுப்பாட்டு மென்பொருளின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏழாம் தலைமுறையில் கிளச்சும் பிரேக்கும் சில நேரம் ஒன்றோடொன்று போட்டியிடுவதுபோல் தெரிந்த தடுமாற்றம் இதில் இல்லை. ஏழாம் தலைமுறையோடு ஒப்பிட்டால் ஸ்பிரிங்கின் விறைப்பும் முன்னே 5, பின்னே 15 விழுக்காடு கூட்டப்பட்டிருக்கிறது. பின்பக்க விறைப்பை முன்பக்கத்தைவிட அதிகமாகக் கூட்டியதன் நோக்கம், வளைவில் மூக்கு வெளியே வழியாமல் பின்புறமும் தன் பங்கைச் சுமக்க வேண்டும் என்பதே. போலோவில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே முறுக்குக் கட்டையில் பிணைந்திருப்பதால் ஒன்று குழியில் விழுந்தால் மற்றதும் அசையும். இதில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனிப் பல இணைப்புக் கைகள் உள்ளன.

ஹோண்டா இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. டைப் ஆரில், சக்கரம் திரும்பும் அச்சையும் ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங் தாங்கும் தூண்) தனித்தனியாகப் பிரித்து, திரும்பும் அச்சைச் சக்கரத்தின் நடுவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும் குணம் இதனால் வேரிலேயே குறைகிறது. டிஃபரன்ஷியல் அங்கே முழுக்க இயந்திர வகை. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், பந்தயத் தடத்துக்கு ஹோண்டாவின் வழி, நனைந்த மலைச்சாலைக்கு ஃபோக்ஸ்வாகனின் வழி என்பது என் கருத்து. தென்மேற்குப் பருவமழையில் நெல்லியாம்பதி ஏறியவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். டைப் ஆர் இங்கே விற்பனைக்கு இல்லாததால் இந்த வாதத்தை நீட்டவும் தேவையில்லை.

எஞ்சினுக்கு வருவோம். 1,984 சிசி, நான்கு சிலிண்டர், இஏ888 குடும்பத்தின் நான்காம் படிநிலை; பெட்ரோலை 350 பார் அழுத்தத்தில் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறது. கோவை ஓட்டத்துக்கு உங்களுக்கு உதவப்போவது 265 என்ற உச்சம் அன்று, 370 நியூட்டன் மீட்டரும் 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான். தேங்காய் லாரி ஒன்றின் பின்னால் நாற்பதில் போய்க்கொண்டிருந்து, எதிரே சாலை காலியானதும் முந்தும்போது, கியர்பெட்டி இரண்டு படி இறங்கி எஞ்சின் கத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது நன்மை, நம் பகுதியின் தட்பவெப்பத்தைச் சார்ந்தது. பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரலில் வெயில் நாற்பது பாகையை எட்டும். இருபது பாகைக் காற்றைவிட அந்தக் காற்றின் அடர்த்தி ஆறு விழுக்காட்டுக்கு மேல் குறைவு. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள வால்பாறையில் உயரத்தால் மட்டும் பத்து விழுக்காடு அளவுக்குக் குறையும். டர்போ இல்லாத எஞ்சின் இந்த இழப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். டர்போவோ இன்னும் வேகமாகச் சுழன்று அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் பலர் அஞ்சுகிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் ஆறேழு விழுக்காடு குறைவது இயற்கை. மறுபுறம், அதன் ஆக்டேன் மதிப்பு அதிகம் என்பதால் டர்போ எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வாய்ப்பு குறையும். பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் எந்தக் கலவை அனுமதிக்கப்பட்டுள்ளது என்று நேரில் படித்துக்கொள்வது நல்லது.

கியர்பாக்ஸில் உள்ள வேறுபாட்டை மலை ஏறுகிறவர் என்ற முறையில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். உங்கள் போலோவில் இருப்பது ஏழு கியர் உலர்கிளச் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளச் தானியங்கிக் கியர்பாக்ஸ். 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது, தன் சூட்டைக் காற்றில்தான் விட வேண்டும். விடுமுறை நாளில் ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி, முன்னே செல்லும் பேருந்தின் பின்னால் மேட்டில் நின்று நின்று ஊர்ந்தால் அந்தக் கிளச் சூடேறி அதிர்வதற்கு இதுவே காரணம். ஜிடிஐயில் இருப்பதும் ஏழு கியர்தான். ஆனால் இரட்டைக் கிளச்சும் எண்ணெயில் மூழ்கி இயங்குகிறது, எண்ணெய் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். மேட்டில் ஊர்வதில் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், நேர்ச்சாலை வேகத்தில் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. இறங்கும்போதும் ஒரு கணக்கு உண்டு. இருவர் அமர்ந்த வண்டி 1,600 கிலோ என்றும் இறங்கும் உயரம் 700 மீட்டர் என்றும் வைத்தால், சுமார் 11 மெகாஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். நூறிலிருந்து நாற்பதுக்கு ஒரு முறை பிரேக் பிடிப்பதன் இருபது மடங்குக்கும் மேல் அது. ஸ்டீயரிங்கின் பின்னுள்ள துடுப்பால் இரண்டாம், மூன்றாம் கியரைப் பிடித்துவைத்துக்கொண்டு இறங்குங்கள். எவ்வளவு பெரிய டிஸ்க் இருந்தாலும் அதற்கும் ஓய்வு வேண்டும்.

ஸ்டீயரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறத்தாழ 2.1 சுற்றிலேயே முடிந்துவிடும் புரோகிரசிவ் வகை இது. ரேக்கின் பற்கள் நடுவில் ஒரு இடைவெளியிலும் ஓரங்களில் வேறு இடைவெளியிலும் வெட்டப்பட்டிருப்பதால், வாளையாறு நெடுஞ்சாலையில் நேராக ஓடும்போது துள்ளாது, கொண்டை ஊசியிலோ கையை எடுத்து மாற்றிப் பிடிக்காமலே திரும்பிவிடும். சாலை எப்படி இருக்கிறது என்பதை உள்ளங்கைக்குச் சொல்வதில் மட்டும் பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குகளுக்கு இது இணையாகாது. இதை ஒரு குறையாகவே சொல்கிறேன்.

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: அடி தட்டுமா? இந்திய வண்டிக்கு அறிவிக்கப்பட்ட தரை இடைவெளி 136 மி.மீ.; போலோவைவிட ஏறக்குறைய 3 செ.மீ. குறைவு. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டப்பட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டது. இதன் அகலம் ஜிடிஐயின் வீல்பேஸைவிட ஒரு மீட்டருக்கு மேல் பெரியது. அதனால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தடையின் மீது நிற்கும், வயிற்றுப் பகுதிக்குள் மேடு எழும்புவது 5 செ.மீ. மட்டுமே. 136இல் 50 போனால் 86 மி.மீ. மிச்சம், ஆகவே முறையான வேகத்தடையில் தட்டவே தட்டாது. தொல்லை தருபவை, விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் தார்க்கலவையைக் கொட்டி ஒரே இரவில் எழுப்பும் தடைகள். ஒரு மீட்டர் அகலம், முழங்கை அளவு ஆத்திரம் என்று கட்டப்பட்ட அவற்றின் உயரம் 15 செ.மீ. இருந்தால், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் சமதரையில் நிற்க, மேடு வயிற்றுக்கு நேர் கீழே வரும், 136 மி.மீ. இடைவெளியில் 150 மி.மீ. மேட்டைக் கடக்க எந்த ஓட்டுநராலும் ஆகாது. நீங்கள் அன்றாடம் போகும் வழியில் இத்தகைய தடைகள் எத்தனை, எவ்வளவு உயரம் என்று ஓர் அளவுகோலோடு பார்த்துவிட்டு முடிவெடுப்பது, ஷோரூமில் கேட்பதைவிடப் பயனுள்ளது.

வயிறு தட்டுவதைவிட நான் அஞ்சுவது டயருக்காக. 225/40 ஆர் 18 அளவில் சைடு வாலின் உயரம் 90 மி.மீ. மட்டும், போலோவின் 15 அங்குல டயரில் அது 111 மி.மீ. மழைக்குப் பின் தண்ணீர் நிறைந்த குழியில் அறுபதில் இறங்கினால், அந்த இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம்தான் ரிம் வளைவதா பிழைப்பதா என்பதைத் தீர்மானிக்கும். என் பட்டறைக்கு வரும் 18 அங்குல ரிம்களில் உள்பக்க விளிம்பு நசுங்கியவையே அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தொண்ணூறில் ஸ்டீயரிங் ஆடும்போதுதான் தெரியவரும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் எழுதியுள்ள அழுத்தத்தைவிடக் குறைவாகக் காற்று வைத்தால் மெத்தென்று ஓடும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். தட்டையான டயரில் அது ரிம்மைக் குழியின் விளிம்புக்கு நேராகக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். ஸ்பேர் வீல் எந்த வகை என்பதையும் டெலிவரிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் கன்னிமாரிக்கும் கோபாலபுரத்துக்கும் இடையில் இரவு பத்து மணிக்கு இந்த அளவு டயர் எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்காது.

விலையைச் சொல்லாமல் பதில் முழுமை பெறாது. அறிமுக விலை 52.99 லட்சம் ரூபாய், ஷோரூம் கணக்கில். ஜெர்மனியிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியாகிறது, முதல் தவணையான 150 வண்டிகள் முன்பதிவிலேயே தீர்ந்தன. சுங்கவரியும் ஜிஎஸ்டியும் அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன; அதற்கு மேல் சாலைவரி, எல்லைக்கு இந்தப் பக்கம் பதிந்தாலும் அந்தப் பக்கம் பதிந்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கொழிஞ்சாம்பாறை முகவரி, கோவையில் வேலை என்ற நிலையில் உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு, எந்தப் பக்கம் பதிவது மலிவு என்ற நம் எல்லைக்காரர்களின் வழக்கமான ஆராய்ச்சி இந்த வண்டியில் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. 2016இல் வந்த போலோ ஜிடிஐ நினைவிருக்கும்: 192 பிஎஸ், மூன்று கதவு, 99 வண்டிகள், 25.65 லட்சம். அந்த விலைக்கு அன்று யார் வாங்குவார்கள் என்று சிரித்தார்கள். இன்று அதைத் தேடுகிறார்கள்.

நம் நாட்டில் இடைப்பட்ட விலையில் உண்மையான ஹாட் ஹேட்ச் பிறக்காததற்கு வரிவிதியே காரணம். 2006 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால்தான் சிறுகார் சலுகை. எனவே ஹூண்டாய் ஐ20 என் லைன் ஒரு லிட்டர் டர்போவில் 120 பிஎஸ், டாடா ஆல்ட்ராஸ் ரேசர் 1.2 லிட்டரில் 120 பிஎஸ் என்ற இடத்தில் நின்றுவிட்டன. நிறுவனங்களுக்குத் திறமை இல்லை என்பது இதற்குப் பொருளன்று. அவற்றைவிடத் திறன் மிகுந்த புந்தோ அபார்த்தை 2015இல் ஃபியட் இங்கே கொண்டுவந்து பார்த்தது, வாங்க ஆள் வரவில்லை.

ஆகவே என் முடிவு இது. எடைக்கு எடை பார்த்தால், 1976இன் முதல் ஜிடிஐ 810 கிலோவுக்கு 110 பிஎஸ், உங்கள் போலோ 1,100 கிலோ அளவுக்கு 105 பிஎஸ், புதிய ஜிடிஐ சுமார் 1,450 கிலோவுக்கு 265 பிஎஸ். டன்னுக்கு முறையே 136, 95, 183 என்று வருகிறது. எடைக்கேற்ற திறனில் உங்கள் வண்டியின் ஏறத்தாழ இரு மடங்கு கிடைப்பது உண்மை. ஆனால் வேலந்தாவளம் சாலையில் அதில் கால் பங்கைக்கூட நீங்கள் செலவழிக்கப்போவதில்லை, செலவழிக்கவும் கூடாது. பணம் ஒரு தடையில்லை என்றால், அந்த டிஃபரன்ஷியலுக்காகவும் எண்ணெய்க் கிளச் கியர்பாக்ஸுக்காகவும் வாங்குங்கள், குதிரைத்திறனுக்காக வேண்டாம். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், போலோவின் நான்கு லோயர் ஆர்ம் புஷ்களையும் டேம்பர்களையும் (ஷாக் அப்சார்பர்) மாற்றி, நல்ல டயர் போட்டு, அலைன்மென்ட் பார்த்துக்கொள்வதே என் பரிந்துரை. வால்பாறை வளைவுகளில் அது தரும் மாற்றத்தைக் கண்டு நீங்களே வியப்பீர்கள்.

எப்படியானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் சோதனை ஓட்டத்தை அவினாசி சாலையில் முடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். நேர்ச்சாலையில் இந்த வண்டி எல்லா வேகமான வண்டியையும் போலத்தான் இருக்கும். கிடைத்தால், பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதன் பெயர் தாங்கிய செட்டிபாளையம் தடத்தில் நடக்கும் ஏதாவதொரு ஓட்ட நாளில் ஏறிப் பாருங்கள். இல்லையென்றால் ஏதேனும் ஒரு வட்டச் சந்திப்பில், இரண்டாம் கியரில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டே ஆக்சிலேட்டரை மெல்லக் கூட்டுங்கள். உங்கள் போலோவில் இதைச் செய்தால் மூக்கு வெளியே ஒதுங்கி, ஸ்டீயரிங்கை மேலும் திருப்ப வேண்டியிருக்கும். இதில் மூக்கு உள்ளே இழுக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு குணத்துக்கு ஐம்பத்து மூன்று லட்சம் தகுமா என்பதை அந்தச் சுற்றிலேயே உங்களால் சொல்ல முடியும்.